பாபின் சார்

அம்மாவின் தையல்கடையில் பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள் பட்டாணி. ஆள் குட்டி என்பதால் அந்தப் பெயர். வாய் மட்டும் பூசணிக்காய் அளவு என்பாள் அம்மா.

போன் அடித்தது. அம்மாவின் கை துணியில் இருந்ததால், பட்டாணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வாழ்த்துகள் மேடம்! மோட்டார் வச்ச புது தையல் மெஷின், பாதி விலைக்கு! இன்னும் அஞ்சே நிமிஷம்தான்!"

அம்மாவின் கண்கள் விரிந்தன. "நிஜமாவா?"

"உங்க பேங்க் கார்டு நம்பரைச் சொல்லுங்க. அப்புறம் போனுக்கு ஆறு நம்பர் வரும், அதையும் சொல்லிடுங்க. சீக்கிரம்!"

அம்மா கார்டை எடுத்தேவிட்டாள். பட்டாணிக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை அவசரம் எதற்கு?

"அங்கிள், இதுல பாபின் எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

பாபின் என்பது தையல் மெஷினின் அடியில் போடும் குட்டி நூலுருளை. தைக்கிறவர்கள் தினமும் பத்து முறை தொடுவது.

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"பாபின் சார் மீட்டிங்ல இருக்காரும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அடப்பாவி! யார்கிட்ட கதை விடறே?"

"வேணாம்னா போங்க! லிஸ்ட்டுல அடுத்த தையல்காரருக்குக் குடுத்துக்கிறேன்!" போனை வைத்துவிட்டான். அம்மா அவனைத் திட்டிக்கொண்டே ஒரு சட்டைக் கையைத் தைத்து முடித்தபோதுதான் பட்டாணிக்கு உறைத்தது.

"அம்மா! அடுத்தது காலர் மாமாவா இருந்தா?"

எதிர்க்கடை காலர் மாமா சட்டைக் காலர் தைப்பதில் புலி. பள்ளிச் சீருடை ஆர்டர் அவருக்குப் போனதிலிருந்து, ஆறு மாதமாக அம்மா அவரோடு பேசுவதில்லை.

அம்மா பதில் சொல்வதற்குள், பட்டாணி இருபக்கமும் பார்த்துத் தெருவைத் தாண்டிவிட்டாள்.

காலர் மாமா போனை மூக்குக்கு நேரே பிடித்து, அதில் வந்த ஆறு நம்பரை வாசித்துக்கொண்டிருந்தார். "நாலு... ஏழு... ஒண்ணு..."

"சொல்லாதீங்க மாமா! அவன் திருடன்!"

"போ பாப்பா! எனக்கு மெஷின் கிடைச்சா உங்கம்மாவுக்குப் பொறாமை. எட்டு..."

வாசலில் மூச்சிரைக்க நின்றாள் அம்மா. கழுத்தில் அளவு டேப் ஆடியது.

"எனக்கும் அதே ஆள்தான் பேசினான். வச்சுடுங்க அண்ணே!"

அண்ணே! ஆறு மாதமாயிற்று அதைக் கேட்டு. மாமாவின் விரல் தானாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

"கார்டு நம்பர் சொல்லிட்டீங்களா?" என்றாள் பட்டாணி.

"சொல்லிட்டேனே!"

"கார்டுக்குப் பின்னாடி பேங்க் நம்பர் இருக்கும். உடனே பேசுங்க!"

பேங்க்கில் ஒரு பெண் பேசினார். "பணம் எதுவும் போகல சார். கார்டை நிறுத்திட்டோம். புதுசு அனுப்பறோம்."

மாமா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அவன் லிஸ்ட்டுல இன்னும் யார் யாரோ?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். மாமா எண்களைச் சொல்ல, பட்டாணி அழுத்த, அம்மா பேச, தெரிந்த தையல்கடைகளுக்கெல்லாம் போன் பறந்தது. ஆறு பேர் நன்றி சொன்னார்கள். ஏழாவது கடைத் தாத்தாவிடம் பட்டாணியே பேசினாள்.

"யாரும்மா நீ? உன்னை மட்டும் நான் எப்படி நம்பறது?" என்று அதட்டினார் தாத்தா.

பட்டாணி துள்ளிக் குதித்தாள். "அப்படித்தான் தாத்தா கேக்கணும்!"