கீழே போய்ப் பேசிய போன்

அக்கா புதிய போன் வாங்கியதும் பழையது அம்மாவுக்கு வந்தது. அதன் இயர்போன் துளையில் எதைச் செருகினாலும் ஒரு காதில்தான் கேட்கும். புளூடூத் மட்டும் நன்றாக வேலை செய்தது. அதுதான் வினையாகிப்போனது.

அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே தையல் கடை. தையல்கார மாமாவின் மகன் அவருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்திருந்தான். அதை எப்படிப் பாட வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போன வாரம் வாலுதான் அம்மாவின் போனைக் கொண்டுபோய் அதோடு இணைத்து, பாட்டுப் போட்டுக் காட்டினாள். வாலு என்பது வீட்டில் கடைக்குட்டிக்கு வைத்த செல்லப் பெயர். பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். ஸ்பீக்கரைப் போட்டதும் மாடியிலிருந்தே போன் தானாக அதோடு ஒட்டிக்கொள்ளும். அதை வாலு யோசிக்கவில்லை.

அன்று மாலை அவள் கடையில் உட்கார்ந்து மாமாவுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அக்காவின் கோட்டுத் துணி இருந்தது. முதல் வேலையில் சேரும் நாளன்று போடுவதற்கு.

"ஒரு பாட்டு கேக்கலாமா வாலு?" என்று மாமா ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"போன் மேல இருக்கு மாமா. எடுத்துட்டு வரேன்."

அவள் எழுவதற்குள் ஸ்பீக்கர் 'டிங்' என்றது. பிறகு சித்தியின் குரல் வந்தது.

"அக்கா, நீ சொன்னது சரிதான். தையக்காரருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. வாலு சட்டையில ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கோட்டுத் துணியை ஏதாவது சொல்லித் திருப்பி வாங்கிடு. புதுக் கடையில குடு. மூஞ்சிக்கு நேரா சொல்லாதே, பாவம்."

மாமா ஸ்பீக்கரையே பார்த்தார்.

மாடியில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே அம்மா, சித்தி அனுப்பிய குரல் செய்தியை அழுத்தியிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஸ்பீக்கர் மறுபடி, "அக்கா, நீ சொன்னது சரிதான்" என்று ஆரம்பித்தது. மூன்றாவது முறை அம்மா சத்தத்தையும் கூட்டினாள்.

உறைந்துபோயிருந்த வாலு அப்போதுதான் பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்தாள்.

தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"உங்க சித்திக்குக் கணீர்னு குரல்," என்றார் கடைசியில்.

வாலுவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அவர் கோட்டுத் துணியை நான்காக மடித்து அவளிடம் கொடுத்தார். "மாமாவுக்கு வேலை ஜாஸ்தியாம், தைக்க முடியாதாம்னு அம்மாகிட்ட சொல்லிடு. கேட்டதைச் சொல்லாதே. அவங்க சங்கடப்படுவாங்க."

கடையில் தைக்க வேறு துணியே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் வாலு மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல ஏறினாள்.

அம்மா போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். "இதுக்கு வாய் போயிடுச்சு. என்ன பண்ணினாலும் பேச மாட்டேங்குது."

"பேசிச்சும்மா. கீழ போய்ப் பேசிச்சு. நான்தான் மாமா ஸ்பீக்கரோட சேத்து வச்சேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "எல்லாத்தையுமா?"

"மூணு தடவை. கடைசியில நீ சத்தத்தை வேற கூட்டிட்ட."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க அக்காவுக்கு முதல் பள்ளிக்கூடச் சட்டை தச்சது அவர்தான். இனி எந்த முகத்தோட அவர் முன்னாடி போய் நிப்பேன்?"

வாலு கோட்டுத் துணியைக் கட்டிலில் வைத்தாள். தன் பள்ளிச் சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"மாமா, இதுல இடது கை நீளம். சரி பண்ணித் தரீங்களா?"

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளா இதையா போட்டுட்டுப் போன?"

"மடிச்சு விட்டுக்குவேன். யாராவது கேட்டா ஸ்டைல்னு சொல்லுவேன்."

மாமாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சுத் தச்சிருப்பேனே."

"இப்ப சொல்றேன் மாமா."

அவர் அளவு நாடாவை எடுத்தார். கொஞ்சம் தயங்கி, அதை அவளிடமே நீட்டினார். "எனக்கு நம்பரெல்லாம் மங்கலாத் தெரியுது. நீ படி."

அப்போதுதான் அம்மா வாசலில் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். கோட்டுத் துணி அவள் கையில் இருந்தது.

"அண்ணே, இதை நீங்களே தைங்க."

"வேணாம் தங்கச்சி. முதல் வேலைக்குப் போற பிள்ளை, நல்லா இருக்கணும். புதுக் கடையிலேயே குடுங்க." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பட்டன் மட்டும் நான் வச்சுத் தரேன்."

அம்மா துணியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வாலு நாடாவை இழுத்துப் பிடித்து, முதலில் சட்டையின் வலது கையையும் பிறகு இடது கையையும் அளந்து, மாமாவிடம் நிதானமாகப் படித்துச் சொன்னாள்.