பாலாடைக் கணக்கு

காந்திமதி டீச்சருக்குக் கால் வலி. எழிலரசிக்கு இடுப்பு வலி. சேரப்பணஞ்சேரியின் கடைசித் தெருவில், ஒரு மர நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சரின் வலிக்குக் காரணம் 1991-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாசி வெயிலில் வீடு வீடாக அலைச்சல். எழிலின் வலிக்குக் காரணம் அவள் இடுப்பைவிட்டு இறங்காத தம்பி பகலவன். அம்மா வயல் வேலைக்குப் போனால் அவன் எழில் பொறுப்பு. அதனால் அவள் பள்ளிக்கூடம் போயே பல நாள் ஆயிற்று.

"இந்தத் தெருவுல கைக்குழந்தையே கிடையாதா? யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க," என்றார் டீச்சர்.

"கொயந்தைங்கள எண்ணினா கண்ணு பட்டுடும் டீச்சர்."

"எண்ணலேன்னா பால்வாடி எப்படி வரும்? எந்த ஊர்ல எத்தனை சின்னப் பிள்ளைங்கன்னு பார்த்துதானே அதை எங்கே வைக்கிறதுன்னு முடிவு பண்ணுவாங்க!"

எழிலுக்குத் திக்கென்றது. பால்வாடி வந்தால் தம்பியை அங்கே விடலாம். வராவிட்டால்? நினைக்கவே அசதியாக இருந்தது.

"வாங்க டீச்சர், நான் கேக்குறேன்," என்று எழுந்தாள்.

முதலில் பாஞ்சாலி அக்கா வீடு.

"அக்கா, உங்க வூட்ல சாப்புடுற தட்டு எத்தினி கீது?"

"இன்னாத்துக்குடி? ஆறு."

"பாலு குடுக்குற பாலாடை?"

"ரெண்டு. ஒண்ணு என் பையனுக்கு, ஒண்ணு நாத்தனார் பொண்ணுக்கு..." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் கொயந்தைங்கள எண்ணலக்கா. சாமானத்தான் எண்ணுறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயாடி! எழுதிக்கோங்க டீச்சர்," என்று பேர்களைச் சொன்னாள்.

தெரு முழுக்க இதே கேள்விதான். ஒரு வீட்டில் டீச்சரைப் பாத்திரக்காரி என்று நினைத்து, ஓட்டைக் குடத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள்!

கடைசியில் எழிலின் வீடு. அம்மா செங்கமலம் அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தாள்.

"தட்டு மூணு," என்றாள்.

"பாலாடைம்மா?"

"அது தொலைஞ்சி போச்சி." அம்மா பகலவனைச் சட்டென்று வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எழிலுக்கு வேறு தந்திரம் எதுவும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. "எனக்கு இடுப்பு வலிக்குதும்மா. நான் பள்ளிக்கூடம் போவணும்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கினாள்.

"பகலவன். ஒரு வயசு. எழுதிக்கோங்க டீச்சர்."

மறுவருஷம் பால்வாடி திறந்தார்கள். தம்பியை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவந்த எழில், இத்தனை நாள் அசதியும் சேர்ந்துகொள்ள, முதல் பாடத்திலேயே மேசைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

காந்திமதி டீச்சர் அவளை எழுப்பவில்லை. வருகைப் பதிவில் மட்டும் 'வந்திருக்கிறாள்' என்று போட்டுக்கொண்டார்.