பதினேழாம் தட்டின் சாட்சியம்

இறந்தவரின் காது சாட்சி சொல்லலாம் என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. உட்செவியின் ரோமச் செல்கள் கடைசியாகக் கேட்ட பத்து நிமிடத்தை உள்ளே வைத்திருக்கும். அவற்றை உயிரோடு எடுத்து, கண்ணாடி ஊசியால் மின்துடிப்பைப் படித்தால் அந்தப் பத்து நிமிடமும் திரும்பி வரும். இதற்குச் செவித்தடம் என்று பெயர். கண்டுபிடித்தவர் டாக்டர் குலசேகரன். செவித்தடம் பொய் சொல்லாது, அதற்கு மறுவிசாரணை கூடாது என்று சட்டத்தில் எழுத வைத்த மகானும் அவரே.

அவருடைய ஆய்வகத்தில் அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் சாகாமல் காப்பது யாழரசியின் வேலை. குளிர்ந்த உப்புக்கரைசல், அளந்த சர்க்கரை, இடைவிடாத ஆக்சிஜன் குமிழி. கொஞ்சம் அசந்தால் செல் பலூன் மாதிரி வீங்கும், அதோடு தீர்ந்தது.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் பதினேழாம் தட்டில் தேதியும் ஊரும் இருந்தன. கருவேலூர் அமில ஆலையில் அன்று வாயு கசிந்து இறந்தவள் ஒருத்திதான். யாழரசியின் தங்கை மதிவதனி. அபாயச் சங்கு அடித்தும் அவள் ஓடவில்லை என்றது ஆலை.

அது தன் தங்கை என்று யாழரசி யாரிடமும் சொல்லவில்லை. தட்டை மேஜையில் வைத்தபோது குலசேகரன் உள்ளே வந்தார். அந்த அறையில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் கைச்சாடைதான். அவள் பழக்கத்தில் உதட்டில் விரல் வைத்தாள்.

"ஊசி இன்னும் இறக்கலையேம்மா. அதிர்ந்து நழுவக் கூடாதுன்னுதானே அந்த ரூல்? எழுதுனதே நான்தான்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தட்டில் இருக்கும் செல்லும் கேட்கும், புதுச் சத்தம் பழையதைத் தள்ளிவிடும் என்று யாழரசி மூன்று வருடம் முன்பே அறிக்கை கொடுத்திருந்தாள். "தட்டு கழுவுறவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, படிக்காமலே திருப்பிக் கொடுத்தவர் இவர்.

"இந்தத் தட்டு கெட்டுப்போகணும். ஆக்சிஜனை மூடிடு. அது என் மாப்பிள்ளையோட ஃபேக்டரி."

வெளியே வாருங்கள் என்று ஒரு சாடை காட்டினால் போதும், தங்கையின் பத்து நிமிடம் பிழைக்கும். சங்கு அடிக்காதது அதில் தெரியும். மாப்பிள்ளை மாட்டுவான், இவர் சிரித்துக்கொண்டே தப்பித்துவிடுவார். ஆனால் மதி பயந்தால் "அக்கா" என்றுதான் கத்துவாள். அதுவும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கும்.

யாழரசி சாடை காட்டவில்லை, அவரைப் பேசவிட்டாள். பக்கத்திலிருந்த காலித் தட்டின் குழாயை மூடினாள்.

"மூடிட்டேன் சார். சங்குதான் அடிச்சுதாமே, அப்புறம் என்ன பயம்?"

"எங்க அடிச்சுது? சும்மா சும்மா கத்துதுன்னு நாலு மாசம் முன்னாடியே ஒயரைக் கழட்டச் சொன்னதே நான்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். பத்து நிமிடம் தாண்டியது. பதினேழாம் தட்டில் குமிழி சீராக எழுந்துகொண்டிருந்தது.

நீதிமன்றத்தில் அந்தத் தட்டின் செவித்தடம் ஒலித்தபோது குலசேகரன் எழுந்து கத்தினார். "தட்டுல கெடக்குற செல்லுக்கு எப்படிங்கய்யா காது கேட்கும்? மறுவிசாரணை வேணும்!"

"அதுக்கு இடமில்லைன்னு எழுத வச்சவர் நீங்கதானே, டாக்டர்?" என்றார் நீதிபதி.

பன்னிரண்டு வருடச் சிறை. யாழரசி வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை முதலிலிருந்து மூன்று முறை கேட்டாள். "அக்கா" எங்கேயும் இல்லை. மதியின் காதில் இருந்தது அந்த ஆளின் சிரிப்பும், "ம், அப்புறம் சொல்லுங்க சார்" என்று இனிக்க இனிக்கக் கேட்கும் யாழரசியின் சொந்தக் குரலும்தான்.