பத்தொன்பதாம் எண்

கல்செவி என்ற கருவி வந்த பிறகு பாறைகளுக்கு ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. காரை கிராமத்தின் செம்மண் பள்ளத்தில் ஏழாம் வகுப்பு இறங்கியபோது, காலடியில் கிடந்த புதைபடிவங்களை யாரும் சீண்டவில்லை. "மெஷின எப்ப டீச்சர் போடுவீங்க?" என்றே நச்சரித்தார்கள்.

செசிலி டீச்சர், டார்ச் விளக்கு அளவிலான கருவியைப் பையிலிருந்து எடுத்தார். "இந்தக் களிமண்ணு பத்துக் கோடி வருஷம் முன்னாடி கடலுக்கடியில படிஞ்சது. அப்ப கேட்ட சத்தத்த ஒவ்வொரு துகளும் புடிச்சு வச்சிருக்கு. கல்செவி துகள உலுக்கித்தான் கேக்கும். அது திரும்பப் படியும்போது சுத்தி என்ன சத்தமோ அதப் புடிச்சுக்கும். நாம சும்மா இருந்தா, மெஷின் சொல்றதையே புடிச்சுக்கும். அதனால?"

"வாய மூடிக்கணும் டீச்சர்!" என்று கத்தினார்கள்.

மதிவதனி கத்தவில்லை. அவள் கடலைக் கேட்க வரவில்லை.

ஆறு வருடம் முன்பு அவள் அண்ணன் இளம்பரிதி இதே டீச்சரோடு இங்கே வந்தான். கல்செவி ஓடும்போதே டீச்சர் எங்களை எண்ணச் சொல்லிவிட்டார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தான். அடுத்த மாதம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் இருந்த ஒரே கைபேசியை அப்பா அழுதுகொண்டே அவன் குழிக்குள் வைத்துவிட்டார். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவனுடைய பத்தொன்பதாம் எண்ணை மதிவதனி டீச்சரிடம் கேட்டுத் தனக்கென வாங்கியிருந்தாள்.

கருவி ஓடியது. கடல் இல்லை. ஏதோ ஒரு பஸ் ஹாரன், பிறகு ஏதோ ஒரு பள்ளியின் "ஒண்ணு, ரெண்டு, மூணு." இரண்டு அடி தள்ளி வைத்தார்கள். அங்கேயும் எண்ணிக்கைதான்.

டீச்சர் கருவியை நிறுத்தினார். "நான் மொத வருஷம் வந்தப்ப அலை கேட்டுச்சு. புள்ளைங்க தொலஞ்சிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் எண்ணி எண்ணியே கடல அழிச்சிட்டோம்."

"எங்கண்ணன் நின்ன எடம் எது டீச்சர்?"

டீச்சர் தயங்கினார். பிறகு ஒரு மஞ்சள் பாறையின் அடியில் கருவியைப் பதித்தார். சிறிது நேரம் இரைச்சல். அப்புறம், ஆறு வருடம் இளைய செசிலி டீச்சரின் குரல் மண்ணுக்குள்ளிருந்து அதட்டியது: "எல்லாரும் எண்ணுங்க!"

எல்.கே.ஜி.யிலிருந்து ஊறிய பழக்கம். டீச்சர் சொன்னால் வாய் தானாகத் திறந்துவிடும்.

"ஒண்ணு!" என்றான் முதல் பையன். "ரெண்டு!" என்றாள் அடுத்தவள். மண்ணும் அதே வேகத்தில் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புதுக் குரலும் அடியிலிருந்த பழைய குரலை மூழ்கடித்தது. டீச்சர் இரண்டு கைகளையும் ஆட்டினார். வாயைத் திறந்தால் அதுவும் பதியும். பாதியில் நிறுத்தினாலோ குலுங்கிய துகள் அத்தனையும் ஊமையாகிவிடும். பிள்ளைகளுக்குக் கையாட்டல் புரியவில்லை, இன்னும் சத்தமாக எண்ணினார்கள்.

பதினாறு. பதினேழு.

அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட முடியாதா என்று மதிவதனி தவித்தாள்.

"பதினெட்டு!"

அவள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பத்தொம்பது!" என்றது மண். ஜலதோஷம் பிடித்த, சிரிப்பை அடக்கிய ஒரு பையனின் குரல்.

"இருபது!" என்றான் அவளுக்கு அடுத்து நின்றவன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வரை தடையில்லாமல் போய் முடிந்தது.

டீச்சர் கருவியை நிறுத்தினார். "இன்னொரு தடவ கேக்கறியாம்மா?"

மதிவதனி வேண்டாம் என்று தலையாட்டினாள். பஸ் ஏறும்வரை வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தப் பாறையின் அடியில் இப்போது ஒரு வகுப்பின் முழு எண்ணிக்கை இருக்கிறது. முப்பத்திரண்டு பேர், ஒருவர்கூடக் குறையவில்லை. அதில் மதிவதனி இல்லை.