அப்லோடு பூஜ்யம்

முள் ஏறவே இல்லை. டவுன்லோடு நன்றாகத்தான் ஓடியது. அப்லோடு முறை வந்ததும் போன் திரையில் ஸ்பீடு டெஸ்ட் காட்டும் அந்தச் சிவப்பு முள், அறுந்து விழுந்த பல்லிவால் மாதிரி ஒரு துடி துடித்துவிட்டு அடியிலேயே கிடந்தது. வீட்டுக்குள் எல்லாம் வருகிறது. வீட்டை விட்டு எதுவும் போகவில்லை. இணையக் கம்பெனியில் புகார் கேட்பதுதான் அவனுக்கு வேலை. இப்படியொரு பழுதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“உன் போனை ஆஃப் பண்ணு. லைன்ல என்னுது மட்டும் இருக்கட்டும்” என்றான் மச்சினனிடம்.

“வீட்டுலயும் கஸ்டமர் கேர்தானா மாமா? அடுத்து என்னையே ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணச் சொல்வீங்க போல.”

மச்சினன் அணைத்தான். முள் அசையவில்லை.

அக்காவின் துணிமணிகளை எடுத்துப்போக வந்தவன் அவன். பைகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றான். “அன்னிக்கு அக்கா ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே. ஏன் மாமா போடல?”

“தெரியலடா.”

தெரியும்.

கம்பெனியில் ஊழியர்களுக்குச் சும்மா கொடுத்த புது சிம்மை அவளுடைய பழைய போனில் மாட்டியவன் அவன்தான். போனின் அடையாள எண்ணை அடித்தால், அது இந்த நெட்வொர்க்குக்குப் பொருந்துமா என்று சொல்லிவிடும் பக்கம் ஒன்று உண்டு. ‘முதல்ல அதுல பாத்துட்டு சிம்மை மாத்துங்க’ என்று நாள் முழுக்க ஊருக்கே ஓதுகிறவன், சொந்தப் பெண்டாட்டி போனுக்கு அதைப் பார்க்கவில்லை. சிக்னல் கோடு தெரிந்தது; போதும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள், கோடு தெரிந்த அந்த போனில் அவன் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள். பொருந்தாத போனில் கோடு தெரியும், அழைப்பு போகாது. ஒன்றும் போகவில்லை. சமையலறைத் தரையிலேயே முடிந்துபோனாள்.

மச்சினன் போனதும் வீடு கம்மென்றானது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, விளக்கைப் போட மனம் வரவில்லை. சமையலறைப் பக்கமிருந்து அணைத்த அடுப்பின் வாடையும், துடைத்துக் காயாத தரையின் ஈர வாடையும் கலந்து வந்தன. அங்கே அவன் அடுப்பு மூட்டி எத்தனையோ நாளாயிற்று.

போனில் அந்தப் பொருத்தம் பார்க்கும் பக்கத்தைத் திறந்தான். மனப்பாடமாகிவிட்ட அவள் போனின் அடையாள எண்ணை அடித்தான். சாயங்காலமானால் இதை அடிக்காமல் அவனுக்கு முடியாது. ‘பொருந்தாது’ என்று வரும். தனக்குத் தானே அறைந்துகொள்வது போல. பிறகுதான் சோறு இறங்கும்.

இன்று வேறு வந்தது.

பொருந்தும். இணைப்பில் உள்ளது.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். அவள் போன் அங்கேயே கிடந்தது, பேட்டரி கழற்றியபடி, ஜில்லென்று. இந்த வீட்டுக்கு இணையமே அவள் போன பிறகு வந்ததுதான். அதன் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது.

கையிலிருந்த அவன் போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. அவள் எண்.

எடுத்தான்.

படம் கட்டம் கட்டமாக உடைந்து, சேர்ந்தது. தரை. தரையோடு தரையாகத் தெரியும் அடுப்பு மேடையின் கால்.

“ஏங்க… கேக்குதா?”

“கேக்குது. கேக்குதும்மா. சொல்லு.”

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். இங்கதான் இருக்கேன்!”

“ஏங்க, நெஞ்சு வலிக்குது. சத்தமே வரலியே…”

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவளுக்கு எட்டவில்லை. வீட்டை விட்டு எதுவும் போகாது.

“கிட்ட வந்து பேசறேன்” என்றாள்.

படம் நகர ஆரம்பித்தது. இழுத்து இழுத்து. சமையலறை நிலைப்படி. கூடம். நாற்காலிக் கால்கள். மூச்சிரைப்பு, இப்போது போனிலிருந்து மட்டும் வரவில்லை.

மோடத்தின் வயரைப் பிடுங்கினால் போதும். கைக்கெட்டும் தூரம்தான்.

பிடுங்கவில்லை.

திரையில் அலமாரி. அதன் முன்னே இரண்டு குதிகால்கள். அவனுடையவை.

“சொல்லும்மா” என்றான், திரும்பாமல். “கேக்குது.”

“ஹலோ?”

திரையின் அடியிலிருந்து நீலம் பாரித்த விரல்கள் நீண்டன. கணுக்காலைச் சுற்றி ஒவ்வொன்றாக மூடின.

“ஹலோ? ஏங்க?”