கிணற்றடியில் மூச்சிரைத்தவன்

"என்ற அண்ணனக் கொன்னது என்ற ஊட்டுக்காரருன்னு புடிச்சுட்டுப் போயிட்டாங்க, டாக்டரம்மா. நாளைக்குச் சேலத்துக்குக் கொண்டு போறாங்களாம். நான் ஆருக்குன்னு அழுவேனுங்க?"

1938 கோடையில், எடப்பாடி டாக்டர் சாரதாமணியின் காலடியில் வந்து விழுந்தாள் பூவாத்தாள். தண்ணீர் இறைக்கும் இரும்புச் சால் கயிறறுந்து கிணற்றுக்குள் போய்விட்டது. அதை எடுக்கப் போன அவள் அண்ணன் வீரபாகு பிணமாகத்தான் மேலே வந்தான். உடலில் காயமே இல்லை. முந்தின நாள் தண்ணீர் முறைக்காக அவனோடு சண்டை போட்டிருந்த அவள் கணவன் பொன்னன் இப்போது காவலில் இருந்தான்.

நர்ஸ் தெய்வநாயகி அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

கிணற்றடியில் இன்ஸ்பெக்டர் காளியண்ணன் சாட்சி மாதையனைப் பேச வைத்தார்.

"வீரபாகு வேர்வை சொட்டச் சொட்ட நின்னு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குனானுங்க. பொன்னன் பின்னால நின்னான். வீரபாகு உள்ள குதிச்சான். அப்புறம் வரவேயில்லீங்க."

"பொன்னன் துரத்தியிருக்கிறான். வீரபாகு தப்பிக்கக் குதித்தான். கிணற்று மீன் மாதிரி நீந்துகிறவன் சும்மா சாவானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாதையன் பொய் சொல்றான், அம்மா!" என்று தெய்வநாயகி கிசுகிசுத்தாள்.

"இல்லை, கண்டதைத்தான் சொல்கிறான்" என்ற சாரதாமணி அவனிடம் திரும்பினார். "கோவணமும் சொட்டிச்சா?"

"ஆமாங்க. பாறை மேல தண்ணி ஓடுச்சு."

"அது வேர்வையில்லை, கிணற்றுத் தண்ணீர். அதற்கு முன்பே மூழ்கிப் பார்த்துச் சால் கிடைக்காமல் ஏறியிருக்கிறான். அவன் வேட்டி எங்கே இருந்தது, இன்ஸ்பெக்டர்?"

"பாறைமேல். மடித்து, செருப்பைப் பாரமாக வைத்திருந்தான்."

"உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன் வேட்டியை மடிப்பானா?"

காளியண்ணன் விடவில்லை. "அப்புறம் ஏன் மூச்சிரைத்தது?"

"நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்து மூச்சை அடக்குங்கள்."

அவர் சீக்கிரமே திணறி வாய் திறந்தார். பிறகு நெஞ்சு நிறைய வேகவேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, மறுபடி அடக்கச் சொன்னார் சாரதாமணி. இந்த முறை நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூடவே வந்திருந்த பூவாத்தாள் இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்திருந்தாள்.

"விரலெல்லாம் மரத்துப்போகிறது" என்றார் காளியண்ணன் கடைசியில். "ஆனால் மூச்சு விடணுமென்றே தோன்றவில்லையே!"

"அதுதான் வீரபாகுவைக் கொன்றது. மூச்சு விடு என்று நம்மை நெருக்குவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமிலவாயு. வேகமாக, ஆழமாக மூச்சு விட்டால் அது வெளியே போய்விடும். ஆனால் பிராணவாயு பெரிதாக அதிகரிக்காது. அதிக நேரம் தம் பிடிக்கத்தான் அவன் அப்படிச் செய்தான். பிடிக்கவும் முடிந்தது. ஆனால் மேலே வா என்கிற நெருக்கல் வருவதற்குள் பிராணவாயு தீர்ந்து, அடியிலேயே மயங்கிவிட்டான்."

காளியண்ணன் எழுந்து, பொன்னனை விடுவிக்க ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பொன்னன் வெளியே வந்தபோது பூவாத்தாள் அவனிடம் ஓடவில்லை. ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், கூட வந்த சாரதாமணியின் அருகே அப்படியே உட்கார்ந்தாள்.

"ரொம்பத் துடிச்சிருப்பானுங்களா, டாக்டரம்மா?"

"இல்லை, சாமி. அவனுக்குத் தெரிந்தேயிருக்காது."

அப்போதுதான் அவள் அண்ணனுக்காக அழ ஆரம்பித்தாள். பொன்னன் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான்... மச்சான்..." என்று அவளைவிடச் சத்தமாக அழுதான்.