பூஜ்யம் என்றால் திறப்பு

மறுதொடக்க நாளில் யாரும் காலையில் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. வெறும் வயிற்றோடு திணறினால் வாந்தி வராது. ஒன்பதரை மணிக்கே பழைய உப்புக் கிடங்கில் அறுபது பேரும் அவரவர் எண் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கடித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு துண்டு. பிடித்துக்கொள்ளப் பக்கத்து நாற்காலிக்காரரின் கை. வருடத்துக்கு ஒரு தடவை, நாற்பது நொடி மூச்சு நிற்கும்.

எட்வின் பன்னிரண்டாம் எண் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, மனைவி ஜெனோவாவின் நெஞ்சில் வாசிப்பானை ஒட்டினான். இத்தனை வருடம் வாசலில் நின்றவன், இந்த வருடம்தான் முதல் தடவையாக உள்ளே வந்திருந்தான்.

"எத்தன தடவ ஒட்டிப் பாப்பீங்க? பயப்பட வேண்டியது நானுல்லா?"

"நான் எழுதுனதுல்லா இன்னைக்கு ஓடப்போவுது."

"நான் ஆக்குனத நீங்க முழுங்குதீங்க. நீங்க எழுதுனத நான் முழுங்குதேன். சரியாப் போச்சு" என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நச்சுப் புழுதி வீசத் தொடங்கிய பிறகு, நுரையீரல் கெட்டவர்களின் மூச்சுக்குழாயில் ஒரு வால்வு வைத்தார்கள். புழுதி ஏறினால் அது சட்டென மூடும். முகமூடி மாட்டியதும் திறக்கும். மற்ற நேரமெல்லாம் திறந்தே இருக்கும். அதை இயக்குவது நெஞ்சுத் தோலுக்கடியில் தைத்த தீப்பெட்டி அளவு மின்சுற்றுப் பலகை. பலகையை ஓட்டும் மென்பொருள் லினக்ஸ் கர்னல்.

கர்னல் எல்லோருக்கும் ஒன்று. அதற்குள் இருந்து கருவிகளை ஆட்டும் நிரல்களான இயக்கிகளும் ஒன்று. பலகைக்கு வெளியே என்ன இணைத்திருக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். எந்தக் கம்பியில் எந்த வால்வு என்பதை இயக்கியால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வால்வும் சொல்லாது. ஒரு மனிதன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்குக் கருவி மரம் என்று பெயர். பேச்சில் வெறும் மரம். மரத்தில் உள்ளதை இயக்கி அப்படியே நம்பும்.

போன வருடம் வரை மரம் கிடையாது. ஒவ்வொரு பலகையின் விவரமும் கர்னலுக்குள்ளேயே இருந்தது. எழுதியவர் காசிமணி. பலகைகளைத் தைத்தவரும் அவர்தான். போன சித்திரையில் இறந்துபோனார். மறுதொடக்கத்தில் வருடா வருடம் ஏறும் புதிய கர்னலில், இந்தத் தடவை அந்தப் பழைய விவரங்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். காசிமணி இடத்துக்கு வந்த எட்வின் கைக்குக் கிடைத்தது பெயர்ப் பட்டியல் மட்டும். அறுபது பலகைக்கும் ஒரே பெயர்: நெய்தல்-7.

"ஒரே பேரு, ஒரே பலகை. ஒரு மரத்த எழுதி அறுபது நகல் எடும்வே" என்றார் கிடங்கின் பொறுப்பாளர் முத்துமாலை.

"வால்வும் ஒண்ணுதானா அண்ணாச்சி? சில வால்வு தலைகீழா இருக்கும். பூஜ்யம் குடுத்தாத்தான் தொறக்கும்."

"பாக்கணும்னா கழுத்தக் கிழிக்கணும். உம்ம வீட்டுக்காரி கழுத்துலேருந்தே ஆரம்பிப்பமா?"

எட்வின் எழுதினான். வால்வு, பதினான்காம் கம்பி, ஒன்று என்றால் திறப்பு. கம்பியில் மின்சாரம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அறுபது நகல் எடுத்தான். ரேகை இல்லாத மரத்தைப் பலகை ஏற்காது என்பதால், ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பெருவிரல் ரேகையை வாங்கினான். பலகை தொடங்கும்வரை மரம் நெஞ்சில் ஒட்டிய வாசிப்பானில் காத்திருக்கும், மாற்றலாம். தொடங்கிவிட்டால் பூட்டிக்கொள்ளும். வேறு மரம் ஏற்ற நான்கு நிமிடம் பிடிக்கும். அடைத்த தொண்டை நான்கு நிமிடம் தாங்காது. ஒரு வாரமாக அவன் தூங்கவில்லை.

பத்து மணிக்கு முத்துமாலை விசையைத் திருப்பினார். அறுபது பலகைகளும் அணைந்தன. எல்லாக் கம்பிகளும் பூஜ்யத்துக்கு விழுந்தன. சுவரில் சிவப்பு எண் நாற்பதிலிருந்து இறங்கத் தொடங்கியது.

நாற்காலிகள் தரையில் உராய்ந்தன. வேறு சத்தம் இல்லை. அடைத்த தொண்டையிலிருந்து சத்தம் வராது என்பது எட்வினுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினொன்றாம் எண் பிச்சையாவின் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அவர் பிடித்திருந்த ஜெனோவாவின் கையைப் பார்த்தான். அவள் கண்ணை இறுக்கி, துண்டைக் கடித்து, தோள் குலுங்கத் துடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நகங்கள் சிவப்பாக இருந்தன.

துண்டிலிருந்து பிரிந்த ஒரு நூல் அவள் மூக்குக்குக் கீழே ஆடியது. வெளியே போனது. உள்ளே வந்தது.

இருபத்தொன்பது.

துண்டைப் பிடுங்கினான். "ஜெனோவா, மூச்சு வருதா?"

அவள் கண்ணைத் திறந்து பிச்சையாவைப் பார்த்தாள். திருட்டில் பிடிபட்ட முகம். "வருது. எனக்கு எப்பவுமே வரும்."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் துடிக்கையில நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கவா? வெக்கமா இருக்காதா?"

பூஜ்யத்தில் அவள் வால்வு திறந்திருக்கிறது. இன்னும் இருபத்துநான்கு நொடியில் இயக்கி கண் விழிக்கும், மரத்தைப் படிக்கும், திறப்பதாக நினைத்து ஒன்று என்று எழுதும். அவள் தொண்டை மூடும்.

கைக்கணினியில் அவள் மரத்தைத் திறந்து அந்த ஒற்றை இலக்கத்தை அழித்தான். விரல் இரண்டு தடவை வழுக்கியது. ஒன்று போய்ப் பூஜ்யம் வந்தது. அவள் பெருவிரலை இழுத்துத் திரையில் அழுத்தினான். ஏற்கப்பட்டது.

பதினெட்டு.

வால்வுகள் ஒற்றை ஒற்றையாக வராது. பெட்டியாக வரும். பெட்டிக்குப் பத்து, பத்தும் ஒரே ரகம்.

எட்வின் தலையை நிமிர்த்தினான். வரிசை வரிசையாக ஐம்பத்தொன்பது பேர் துண்டைக் கடித்துக்கொண்டு துடித்தார்கள். அதில் ஒன்பது பேர் நடிக்கிறார்கள். யார்?

"மூச்சு வருதவங்க கையத் தூக்குங்க!"

ஒரு கையும் உயரவில்லை.

"என்னவே கத்துதீரு?" என்று முத்துமாலை ஓடிவந்தார்.

"நிறுத்தி வையும் அண்ணாச்சி! தொடங்க விடாதேயும்!"

"நிறுத்தி வச்சா மத்தவன் சாவான்வே!" அவர் கை பிச்சையாவைக் காட்டியது. பிச்சையாவின் தலை தோளில் சாய்ந்திருந்தது.

பதின்மூன்று.

ஜெனோவா நாற்காலியில் ஏறி நின்றாள். யாராலும் பேச முடியாத அந்தக் கிடங்கில் அவள் குரல் தகரக் கூரையில் மோதியது. "எனக்கு மூச்சு வருது! வருசா வருசம் நடிச்சேன்! வெக்கப்படாதீங்க, கையத் தூக்குங்க!"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வாயிலிருந்த துண்டை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு கையை உயர்த்தினாள். கதவோரம் இன்னொரு கை. கடைசி வரிசையில் இரண்டு.

ஒரு நாற்காலிக்கு ஐந்து நொடியாவது வேண்டும். எட்வின் ஓடினான். ஐந்தாவது கை உயர்ந்தது. ஆறாவது. சுவரில் ஒன்பது என்று இருந்தது. மூன்றாவது வரிசைப் பெண் பெருவிரலை நீட்டிக்கொண்டு, அவன் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.